கேத்தரின் பூத்

கேத்தரின் பூத் (ஜனவரி 17, 1829 – அக்டோபர் 4, 1890) இங்கிலாந்தைச் சேர்ந்த கிறித்தவப் பிரசங்கியார், எழுத்தாளர், சமூகச் சீர்திருத்தவாதி ஆவார். தம் கணவர் வில்லியம் பூத்துடன் இணைந்து இரட்சணிய சேனையைத் தோற்றுவித்தவர். சேனையின் தாய் என்று அவ்வியக்கத்தினரால் அழைக்கப்படுகிறார். பெண்கள் கிறித்தவ சபையில் பிரசங்கிக்கலாமா என்ற கேள்விக்கு வேதாகமத்தின் அடிப்படையிலேயே விடை தேடி, 1859 ஆம் ஆண்டில் இவர் எழுதிய சிறு நூல் இவரது பணிகளில் குறிப்பிடத்தக்கதாகும். பெண்களைச் சபையில் பேசவிடாமல் தடுத்தவர்களும் அவர்களுக்கு ஆதரவாக எழுதிய இவரும் ஒரே வேதாகமத்தையே இறுதி அதிகாரமாக ஏற்றுக்கொண்டவர்கள். ஆகவே இவரது வாழ்க்கை வரலாறு, ஒரே வசனங்கள் எவ்வாறு இரு வேறு வகையாகப் பொருள் கொள்ளப்பட்டன என்பதன் வரலாறாகவும் அமைகின்றது.

பிறப்பும் இளமையும்

கேத்தரின் மம்ஃபோர்ட் இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில் உள்ள ஆஷ்பர்ன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் மம்ஃபோர்ட் குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளர். ஒரு காலத்தில் மெதடிஸ்ட் பிரசங்கியாராகவும் இருந்தவர். தாய் சாரா மிகுந்த பக்தியும் கண்டிப்பும் உடையவர். பின்னர் இக்குடும்பம் லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் நகருக்கும், 1844 ஆம் ஆண்டில் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிக்கும் குடிபெயர்ந்தது.

கேத்தரின் பெரும்பாலும் வீட்டிலேயே தாயிடம் கல்வி கற்றார். பன்னிரண்டு வயது நிறையும் முன்பே வேதாகமம் முழுவதையும் எட்டு முறை படித்து முடித்தார் என்று இவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். பதினான்காவது வயதில் முதுகெலும்பு வளைவு நோயால் பாதிக்கப்பட்டுப் பல மாதங்கள் படுக்கையிலேயே கிடந்தார். அக்காலத்தில் சபை வரலாற்று நூல்களையும் இறையியல் நூல்களையும் ஆழ்ந்து படித்தார். முறையான இறையியற் கல்லூரி எதுவும் அக்காலத்துப் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. பிற்காலத்தில் கல்லூரியில் பயின்ற போதகர்களுடன் எழுத்து வழியே வாதிடும் திறனை இவ்வாசிப்பே இவருக்கு அளித்தது எனலாம்.

மதுவிலக்குப் பிரசாரத்தில் ஈடுபட்டிருந்த தந்தை பின்னர் தாமே குடிப்பழக்கத்துக்கு ஆளானார். இது மகளை மிகவும் வருத்தியது. மதுவிலக்கு இவரது வாழ்நாள் கொள்கைகளில் ஒன்றாக நிலைபெற்றது.

திருமணம்

கேத்தரின் 1852 ஆம் ஆண்டில் வில்லியம் பூத் என்னும் இளம் மெதடிஸ்ட் பிரசங்கியாரைச் சந்தித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் இருவருக்கும் திருமண நிச்சயம் செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஜூன் 16, 1855 அன்று தெற்கு இலண்டனின் ஸ்டாக்வெல் பகுதியில் இருந்த காங்கிரிகேஷனல் ஆலயத்தில் திருமணம் நடைபெற்றது. இவர்களுக்கு 1856 முதல் 1868 வரை எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர்.

பெண்களின் நிலை குறித்த இவரது கருத்துகள் திருமணத்துக்கு முன்பே உருவாகியிருந்தன. இவர் சென்றுகொண்டிருந்த ஆலயத்தின் போதகர் டேவிட் தாமஸ் ஒரு பிரசங்கத்தில் பெண்கள் ஆண்களை விடத் தாழ்ந்தவர்கள் என்னும் பொருள்படப் பேசியதைக் கேட்டு, அவருக்கு நீண்ட மறுப்புக் கடிதம் ஒன்றை எழுதினார். பெண்ணின் அறிவு குறைவாகத் தோன்றுவதற்குக் காரணம் இயற்கை அன்று, அவளுக்குக் கல்வியும் பயிற்சியும் மறுக்கப்பட்டதே என்பது அக்கடிதத்தின் மையக் கருத்தாகும்.

வருங்காலக் கணவரிடமும் இதே கருத்தை இவர் வலியுறுத்தினார். வில்லியம் பூத் தொடக்கத்தில் இதில் முழு உடன்பாடு கொண்டவராக இருக்கவில்லை. ஒரு பெண் பிரசங்கிப்பதைத் தாம் தடுக்கப் போவதில்லை. ஆயினும் அதனை ஊக்குவிக்கவும் போவதில்லை என்பதே 1855 ஆம் ஆண்டில் அவரது நிலைப்பாடாக இருந்தது.

அக்காலச் சூழல்

பெண்கள் பிரசங்கிப்பது இங்கிலாந்தில் முற்றிலும் புதிதன்று. குவேக்கர் பிரிவினர் 17 ஆம் நூற்றாண்டிலேயே அதனை அனுமதித்தனர். அப்பிரிவைச் சேர்ந்த மார்கரெட் ஃபெல் 1666 ஆம் ஆண்டில் பெண்கள் சபையில் பேசுவது வேதாகமத்துக்கு உடன்பட்டதே என்று நிறுவி ஒரு நூல் எழுதினார். மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியும் தம் பிற்காலத்தில் சாரா கிராஸ்பி, மேரி பொசான்கெட் போன்ற சில பெண்களின் பேச்சை விதிவிலக்கான அழைப்பாக ஏற்றுக்கொண்டார். வெஸ்லி 1791 இல் இறந்த பின்னர், 1803 ஆம் ஆண்டு மாநாட்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபை பெண்களின் பிரசங்கத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பிரிமிட்டிவ் மெதடிஸ்ட், பைபிள் கிறிஸ்டியன் என்னும் சிறு பிரிவுகளில் பெண் பிரசங்கியார்கள் இருந்தனர். எனினும் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கும் அவர்களது எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அமெரிக்காவில் அன்டாய்னெட் பிரவுன் என்னும் பெண் 1853 ஆம் ஆண்டில் நியூ யார்க் மாநிலத்தின் சிற்றூர்ச் சபை ஒன்றில் போதகராக அபிஷேகம் பெற்றார். ஆனால் இது தனியொரு நிகழ்வாகவே இருந்தது.

ரீஸ் – பால்மர் சர்ச்சை

வில்லியம் பூத் 1858 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள கேட்ஸ்ஹெட் நகரின் பெதெஸ்தா ஆலயத்தில் போதகரானார். இது மெதடிஸ்ட் நியூ கனெக்ஷன் என்னும் பிரிவைச் சேர்ந்த ஆலயமாகும். அடுத்த ஆண்டில் அமெரிக்கப் பெண் பிரசங்கியாரான ஃபீபி பால்மர், தம் கணவர் வால்டர் பால்மருடன் அருகில் இருந்த நியூகாசில், சண்டர்லேண்ட் நகரங்களில் எழுப்புதல் கூட்டங்களை நடத்தினார். திரளான மக்கள் கூடினர்.

சண்டர்லேண்டில் தனிச் சபை ஒன்றின் போதகராக இருந்த ஆர்தர் அகஸ்டஸ் ரீஸ், இக்கூட்டங்களுடன் தாம் ஒத்துழைக்காததற்கான காரணங்களை விளக்கி ஒரு துண்டு நூல் வெளியிட்டார். பெண்கள் சபையில் பேசுவதையும் போதிப்பதையும் பவுல் அப்போஸ்தலர் வெளிப்படையாகத் தடுத்திருக்கிறார், எனவே பால்மர் அம்மையாரின் பிரசங்கம் வேதாகமத்துக்கு முரணானது என்பது அவரது வாதம்.

ஃபீபி பால்மரைக் கேத்தரின் நேரில் அறிந்திருக்கவில்லை. ஆயினும் ரீஸின் வாதம் இவரைப் பதில் எழுதத் தூண்டியது. அப்போது இவருக்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகள் இருந்தனர்; நான்காவது குழந்தை பிறக்கச் சில வாரங்களே இருந்தன. இந்நிலையில் 1859 டிசம்பர் மாதத்தில் 32 பக்கங்கள் கொண்ட மறுப்பு நூலை வெளியிட்டார். இது 1861 இல் திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. பின்னர் 1870 ஆம் ஆண்டில் ரீஸைப் பற்றிய பகுதிகள் குறைக்கப்பட்டு, 'பெண் ஊழியம், அல்லது சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கப் பெண்ணுக்குள்ள உரிமை' என்னும் பொருளுடைய தலைப்பில் மீண்டும் வெளியிடப்பட்டது.

பெண் ஊழியம்: நூலின் வாதங்கள்

வேதாகமம் பழங்காலத்து நூல், ஆகவே அதன் கட்டளைகளைப் புறந்தள்ளலாம் என்ற வாதத்தைக் கேத்தரின் எங்கும் முன்வைக்கவில்லை. பவுல் தவறு செய்தார் என்றும் கூறவில்லை. எதிர்த்தரப்பினர் வசனங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்துப் படிக்கின்றனர், முழு வேதாகமத்தோடு சேர்த்துப் படித்தால் அவற்றின் பொருள் வேறாகும் என்பதே இவர் கொண்ட முறையாகும். ஆடம் கிளார்க் உள்ளிட்ட விளக்கவுரையாளர்களையும் அகராதிகளையும் இவர் துணைக்கொண்டார்.

நூலின் தொடக்கத்தில், பொது மேடையில் பேசுவது பெண் இயல்புக்கு ஒவ்வாதது என்ற எதிர்ப்பை எடுத்துக்கொள்கிறார். வழக்கத்தையும் இயற்கையையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர் என்றும், நெடுங்காலம் பழகியதெல்லாம் இயற்கை ஆகிவிடாது என்றும் பதிலளிக்கிறார். அதன்பின் வசனங்களுக்கு வருகிறார். விவாதத்துக்குள்ளான முக்கியப் பகுதிகள் பின்வருமாறு:

1 கொரிந்தியர் 14:34-35
சபைகளில் பெண்கள் பேசாமல் இருக்க வேண்டும், எதையேனும் அறிய விரும்பினால் வீட்டில் கணவரிடம் கேட்க வேண்டும் என்று இப்பகுதி கூறுகிறது. இது எல்லாச் சபைகளுக்கும் பொதுவான தடை என்பது மரபான விளக்கம். ஆனால் இதே நிருபத்தின் 11 ஆம் அதிகாரம் 5 ஆம் வசனத்தில், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் கூறுகிறார். பேசவே கூடாது எனில் பேசும்போது எவ்வாறு உடுத்த வேண்டும் என்று விதி சொல்வது எதற்கு என்று கேத்தரின் வினவினார். எனவே 14 ஆம் அதிகாரத்தில் தடுக்கப்படுவது பிரசங்கம் அன்று. கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்டு ஒழுங்கைக் குலைக்கும் பேச்சே என்று முடிவு செய்தார். மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள 'லலேயோ' என்னும் வினைச்சொல்லுக்கு வீண் பேச்சு என்ற பொருளும் உண்டு என்பதை இதற்குத் துணையாகக் காட்டினார்.

தீர்க்கதரிசனம் என்பதன் பொருள்
பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னது உண்மைதான், ஆனால் அது அரிதான தனி வரம், பிரசங்கம் அன்று என்று எதிர்த்தரப்பினர் கூறினர். 1 கொரிந்தியர் 14:3 இல் தீர்க்கதரிசனம் சொல்பவர் மனிதருக்குப் பக்தி வளர்ச்சியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகப் பேசுகிறார் என்று பவுலே விளக்கியிருப்பதைக் கேத்தரின் சுட்டினார். இவை மூன்றும் பிரசங்கத்தின் பணிகளே என்பது இவரது வாதம்.

1 தீமோத்தேயு 2:11-14
பெண் உபதேசம் செய்யவும் ஆணின் மேல் அதிகாரம் செலுத்தவும் கூடாது என்னும் இப்பகுதியே எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரமாகும். ஆதாம் முதலில் படைக்கப்பட்டான், ஏவாளே வஞ்சிக்கப்பட்டாள் என்று பவுல் காரணம் காட்டுவதால், இது ஓர் ஊரின் வழக்கத்தைப் பற்றியதன்று. படைப்பின் ஒழுங்கைப் பற்றியது என்று அவர்கள் வாதிட்டனர். இங்குத் தடுக்கப்படுவது ஆணின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டு செய்யும் உபதேசம் மட்டுமே என்றும், இவ்வசனம் முதன்மையாக இல்லற நடத்தையைப் பற்றியது, பொதுக்கூட்டத்தைப் பற்றியதன்று என்றும் கேத்தரின் விளக்கினார்.

ரோமர் 16 ஆம் அதிகாரம்
இங்குப் பெபேயாள் என்னும் பெண்ணைக் குறிக்கப் பவுல் 'டயாகொனோஸ்' என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆண்களைக் குறிக்கும் பல இடங்களில் இதே சொல்லை உயர்ந்த ஊழியப் பொறுப்பைக் குறிக்கும் சொல்லாக மொழிபெயர்த்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள், பெபேயாளுக்கு மட்டும் பணியாள் என்னும் பொருளில் மொழிபெயர்த்தது ஏன் என்று இவர் கேட்டார். அதே அதிகாரத்தின் 7 ஆம் வசனத்தில் அப்போஸ்தலர்களோடு சேர்த்துப் பேசப்படும் யூனியா ஆணா பெண்ணா என்ற ஐயம் இருந்து வந்தது. கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பண்டைச் சபைத் தந்தை கிறிசோஸ்தோம் யூனியாவைப் பெண் என்றே கொண்டதை இவர் எடுத்துக்காட்டினார்.

பெந்தெகொஸ்தே நாள்
அப்போஸ்தலர் நடபடிகள் 2 ஆம் அதிகாரத்தில், குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வர் என்ற யோவேல் தீர்க்கதரிசியின் வாக்கு நிறைவேறியதாகப் பேதுரு அறிவிக்கிறார். ஆவியின் வரம் இரு பாலாருக்கும் அளிக்கப்பட்டது எனில் அதனைப் பயன்படுத்தும் கடமையும் இரு பாலாருக்கும் உண்டு என்பது கேத்தரினின் அடிப்படை வாதமாகும். மிரியாம், தெபொராள், உல்தாள், அன்னாள், பிரிஸ்கில்லாள், பிலிப்பின் நான்கு குமாரத்திகள், உயிர்த்தெழுந்த செய்தியை அறிவிக்க அனுப்பப்பட்ட மகதலேனா மரியாள் ஆகியோரையும் இவர் சான்றாகக் காட்டினார். சங்கீதம் 68:11 இல் வசனத்தைப் பிரசித்தப்படுத்தும் கூட்டத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெண்பாலில் அமைந்துள்ளதையும் குறிப்பிட்டார்.

நூலின் இறுதியில், ஓரிரு வசனங்களைத் தவறாகப் பொருள்கொண்டதால் சபை தன் உறுப்பினரில் பெரும்பகுதியினரின் ஊழியத்தை இழந்துவிட்டது என்று எச்சரிக்கிறார்.

முதல் பிரசங்கம்

பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று எழுதிய கேத்தரின் அப்போது தாம் ஆலய மேடையில் பிரசங்கித்ததில்லை. சிறுவர் மதுவிலக்குக் கூட்டங்களில் பேசியிருந்தார்; கேட்ஸ்ஹெட்டின் ஏழைத் தெருக்களில் குடிகாரர்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களோடு உரையாடி வந்தார். இயல்பிலேயே கூச்சம் மிகுந்தவரான இவருக்கு மேடை ஏறுவது அச்சம் தருவதாக இருந்தது.

1860 ஆம் ஆண்டு மே மாதத்தில், பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று பெதெஸ்தா ஆலயத்தில் காலை ஆராதனையின் முடிவில் இவர் தம் இருக்கையிலிருந்து எழுந்து முன்னே சென்றார். மனைவிக்கு உடல்நலம் இல்லையோ என்று எண்ணிய வில்லியம் பூத் இறங்கி வந்து விசாரித்தார். தாம் ஒரு வார்த்தை பேச விரும்புவதாகக் கேத்தரின் கூறினார். நெடுநாளாகப் பேசுமாறு உள்ளத்தில் உணர்ந்தும் அச்சத்தால் கீழ்ப்படியாமல் இருந்துவிட்டதைச் சபையின் முன் அறிக்கையிட்டார். அன்று மாலை ஆராதனையில் இவரே பிரசங்கிப்பார் என்று வில்லியம் பூத் அங்கேயே அறிவித்தார். மாலையில் ஆவியினால் நிறைந்திருத்தலைப் பற்றி இவர் பேசினார்.

அதே ஆண்டில் வில்லியம் பூத் நோயுற்றபோது அவரது பிரசங்கப் பொறுப்புகளைப் பல வாரங்கள் இவரே ஏற்று நடத்தினார். பெண் ஊழியத்தை ஊக்குவிக்கப் போவதில்லை என்று முன்னர் எழுதிய கணவர், இதன்பின் அதன் உறுதியான ஆதரவாளரானார்.

இரட்சணிய சேனை

ஓர் ஆலயத்தோடு நில்லாமல் பல ஊர்களுக்கும் சென்று பிரசங்கிக்க வில்லியம் பூத் விரும்பியதை மெதடிஸ்ட் நியூ கனெக்ஷன் ஏற்கவில்லை. எனவே 1861 ஆம் ஆண்டில் இருவரும் அப்பிரிவை விட்டு விலகி, நிலையான வருவாய் இன்றிக் கார்ன்வால் முதலிய பகுதிகளில் ஊழியம் செய்தனர். 1865 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்கிழக்கு இலண்டனின் ராதர்ஹைத் பகுதியில் பிரசங்கிக்க அழைப்பு வந்தது. அழைப்பு கேத்தரினுக்கே வந்தது. இதனை ஒட்டியே குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் வில்லியம் பூத் கிழக்கு இலண்டனின் ஏழை மக்களிடையே கூட்டங்களைத் தொடங்கினார். இதுவே கிறிஸ்தவ மிஷன் என்ற அமைப்பாக வளர்ந்து, 1878 ஆம் ஆண்டில் இரட்சணிய சேனை எனப் பெயர் மாற்றம் பெற்றது.

வில்லியம் கிழக்கு இலண்டனின் தெருக்களில் பிரசங்கித்த காலத்தில், கேத்தரின் மேற்கு இலண்டனின் செல்வந்தர்களிடையே பிரசங்கித்தார். அவர்கள் அளித்த நன்கொடையும் இவரது நூல்களின் விற்பனையும் குடும்பத்துக்கும் பணிக்கும் துணையாயின.

1859 இல் நூலாக இருந்த கருத்து, 1870 ஆம் ஆண்டில் கிறிஸ்தவ மிஷனின் சட்டவிதியாயிற்று. பெண்கள் பிரசங்கிக்கவும், எந்தப் பொறுப்பையும் வகிக்கவும், ஆட்சிக் கூட்டங்களில் பேசவும் வாக்களிக்கவும் அதில் இடமளிக்கப்பட்டது. இங்கிலாந்து நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1918 ஆம் ஆண்டிலேயே என்பது ஒப்புநோக்கத்தக்கது. 1880 ஆம் ஆண்டில் சேனையின் பணியை அமெரிக்காவில் முறையாகத் தொடங்க ஜார்ஜ் ஸ்காட் ரெயில்டன் சென்றபோது அவருடன் சென்றவர்கள் ஏழு பெண்கள். அடுத்த ஆண்டில் பாரிஸ் நகரில் பணியைத் தொடங்கியவர் இவரது மூத்த மகளான கேத்தரின் ஆவார். தொழிற்சாலைகளிலும் வீட்டு வேலைகளிலும் இருந்த இளம்பெண்கள் பலர் சேனையில் அதிகாரிகளாகி ஊர்களின் பொறுப்பை ஏற்றனர். தெருக்களில் இவர்கள் மீது கல்லும் சேறும் எறியப்பட்ட நிகழ்வுகள் பல உண்டு.

சமூகப் பணி

1885 ஆம் ஆண்டில் சிறுமிகள் பாலியல் தொழிலுக்கு விற்கப்படுவதற்கு எதிராக நடந்த இயக்கத்தில் கேத்தரின் முன்னணியில் நின்றார். அப்போது இங்கிலாந்தில் பாலுறவுக்கு இணங்குவதற்கான வயது 13 ஆக இருந்தது. இதனை உயர்த்தக் கோரி விக்டோரியா அரசிக்குக் கடிதங்கள் எழுதினார், பொதுக்கூட்டங்களில் பேசினார். இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவைச் சேனை நாடாளுமன்றத்திடம் அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தினால் அவ்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது.

இறுதிக் காலம்

1888 ஆம் ஆண்டில் இவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சையை இவர் ஏற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இலண்டன் சிட்டி டெம்பிள் ஆலயத்தில் தமது கடைசிப் பொதுப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பின்னர் கடற்கரை ஊரான கிளாக்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அக்டோபர் 4, 1890 அன்று அங்கு 61 ஆவது வயதில் காலமானார். இலண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பல்லாயிரக்கணக்கானோர் கலந்துகொண்டனர். இலண்டனின் ஏப்னி பார்க் கல்லறையில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடும் விமர்சனமும்

கேத்தரினின் விளக்கங்கள் அனைத்தும் ஒரே வலிமை உடையன அல்ல. லலேயோ என்ற சொல்லுக்கு வீண் பேச்சு எனப் பொருள் கூறியதைப் பிற்காலத்தவர் பலர் ஏற்பதில்லை. இச்சொல் அதே 14 ஆம் அதிகாரத்தில் பலமுறை தீர்க்கதரிசனப் பேச்சையே குறித்து வருகிறது. மாறாக, 11 ஆம் அதிகாரத்துக்கும் 14 ஆம் அதிகாரத்துக்கும் இடையே உள்ள முரண்பாட்டை இவர் சுட்டியது இன்றும் விவாதத்தின் மையமாக உள்ளது. 14:34-35 வசனங்கள் சில பழைய கையெழுத்துப் படிகளில் அதிகாரத்தின் இறுதியில் இடம்பெறுவதால், அவை பிற்சேர்க்கையாக இருக்கலாம் என்று கார்டன் ஃபீ போன்ற அறிஞர்கள் கருதுகின்றனர். தடையை ஏற்பவர்களோ, பெண்கள் தீர்க்கதரிசனம் சொல்லலாம், ஆனால் தீர்க்கதரிசனங்களை நிதானிக்கும் அதிகாரமுள்ள பேச்சு மட்டுமே அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்று இரு அதிகாரங்களையும் இணக்கப்படுத்துகின்றனர். 1 தீமோத்தேயு 2:12 இல் அதிகாரம் செலுத்துதல் என மொழிபெயர்க்கப்படும் 'அவ்தெந்தேய்ன்' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருவதால், அதன் பொருள் குறித்தும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. யூனியா பெண் என்பதை இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கின்றனர். ஆனால் அவர் அப்போஸ்தலர்களுள் ஒருவராக இருந்தாரா, அல்லது அப்போஸ்தலர்களால் நன்கு அறியப்பட்டவரா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

கேத்தரினின் வாதத்துக்குச் சில எல்லைகளும் உண்டு. இவர் வாதிட்டது ஆவியானவர் அழைத்த எவரும் பிரசங்கிக்கலாம் என்பதற்காகவே. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் கேள்வி பிரசங்கத்தோடு நிற்பதில்லை. நற்கருணையை நிறைவேற்றும் குருத்துவத்தைப் பற்றியதாக உள்ளது. இயேசு பன்னிரண்டு ஆண்களையே அப்போஸ்தலராகத் தேர்ந்தார் என்பதும், திருச்சபையின் இடைவிடாத மரபும் அங்கு முதன்மை ஆதாரங்களாகும். 1994 ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று அறிவித்தார். இரட்சணிய சேனை 1883 முதல் ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய சடங்குகளை நடத்துவதில்லை. ஆகவே அங்கு இக்கேள்வி எழவே இல்லை.

குடும்பத்தில் கணவனே தலைவன் என்ற கருத்தை இவர் முழுமையாகக் கைவிடவில்லை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதல், ஆதியாகமம் 3 ஆம் அதிகாரத்தில் சொல்லப்படும் வீழ்ச்சியின் விளைவு என்று கருதினார். ஆனால் அது மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் இடையே மட்டும் உரியது, பெண்ணினம் முழுவதையும் ஆணினத்துக்குக் கீழ்ப்படுத்தவில்லை என்று வாதிட்டார். இவ்வேறுபாட்டின் விளைவு சேனையிலும் காணப்பட்டது. மணமாகாத பெண் அதிகாரிகள் தம் தகுதியால் உயர்ந்தனர். மணமான பெண்களின் பதவியோ நெடுங்காலம் கணவரின் பதவியைச் சார்ந்தே இருந்தது. 1995 ஆம் ஆண்டில்தான் மணமான பெண் அதிகாரிகள் தமக்கென்று பதவி நிலை பெற்றனர்.

பிற்காலத் தாக்கம்

இவரது ஏழாவது பிள்ளையான எவாஞ்சலின் பூத் 1934 ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையின் முதல் பெண் ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குப் பின் ஆஸ்திரேலியரான ஈவா பரோஸ் 1986 இலும், கனடாவைச் சேர்ந்த லிண்டா பாண்ட் 2011 இலும் அப்பதவியை ஏற்றனர்.

பிற சபைகள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு முடிவுகளை எடுத்தன. இங்கிலாந்து திருச்சபை 1994 ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் அளித்தது. 2015 இல் முதல் பெண் பேராயரை அபிஷேகம் செய்தது. தென்னிந்தியத் திருச்சபை அதற்கு முன்பாகவே, 2013 இல், புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக அபிஷேகம் செய்தது. மறுபுறம், அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைகள் 2000 ஆம் ஆண்டில் திருத்திய தம் விசுவாச அறிக்கையில், போதகர் பதவி ஆண்களுக்கே உரியது என்று வேதாகமத்தை மேற்கோள் காட்டி அறிவித்தன. 1859 இல் ரீஸும் கேத்தரினும் வாதிட்ட அதே வசனங்கள் இம்முடிவுகள் பலவற்றிலும் இரு தரப்பினராலும் எடுத்தாளப்பட்டன.

இந்தியாவும் தமிழகமும்

கேத்தரின் பூத் இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிய பிரெடெரிக் டக்கர் 1882 செப்டம்பரில் பம்பாயில் இரட்சணிய சேனையின் பணியைத் தொடங்கினார். இவர் 1888 இல் கேத்தரினின் மகள் எம்மாவை மணந்து பூத்-டக்கர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். கேத்தரினின் விரிவான வாழ்க்கை வரலாற்றை 1892 இல் எழுதி வெளியிட்டவரும் இவரே.

நாகர்கோவிலில் சேனை அதிகாரி ஹாரி ஆண்ட்ரூஸ் 1893 ஆம் ஆண்டில் தொடங்கிய சிறு மருந்தகம் பின்னர் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. வடசேரியில் உள்ள அம்மருத்துவமனை கேத்தரின் பூத் மருத்துவமனை என்று இவரது பெயரையே தாங்கியுள்ளது.